எங்கள் ஊர் ராக் பேண்ட்

தாதிப் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போன புதிதில், விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த கொழும்புப் பெண் கேட்டாள்: "உங்கட தோட்டத்தில தேயிலையைத் தவிர வேற என்ன இருக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அருவி இருக்கிறது, கோயில் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எங்க ஊர்ல ஒரு ராக் பேண்ட் இருக்கு" என்றேன்.

அறையே சிரித்தது. தோட்டத்திலா, லயத்திலா, எலெக்ட்ரிக் கிட்டாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்த பேண்ட் மேடையில் வாசித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்ததில்லையே தவிர, கேட்டே வளர்ந்தவள் நான். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அந்தப் பக்கம் பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. புதிதாக ஒன்று கட்டிய பிறகு அது சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து இளைஞர்கள் அங்கே கூடுவார்கள். ஒருவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒருவர் தோட்டத்து லொறி ஓட்டுபவர். ஒருவர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. மற்ற இருவரும் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து கரண்ட் எடுப்பார்கள். கிட்டாரின் முதல் இழுப்பு ஆற்றைத் தாண்டி வந்து எங்கள் பக்கத்து மலையில் மோதித் திரும்பும்போது, லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும்.

"ஆரம்பிச்சிட்டானுங்க. கூரைத் தகரத்தப் பேத்தெடுக்கிற மாதிரி இருக்கு" என்பாள் அம்மா, தலையில் எண்ணெய் தேய்த்தபடி.

அவர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வாசிக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில்கூட மேடை ஏறினார்கள். என் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து விளக்குமாற்றைக் கிட்டாராகப் பிடித்துக்கொண்டு காட்டுவான். எனக்கு அனுமதி கிடையாது. பொம்பளைப் பிள்ளைக்கு மியூசிக்கல் ஷோ எதற்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் அந்த பேண்டின் பாட்டுகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முகங்கள், பஜார் சலூனில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரில் பார்த்தவைதான்.

அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று வருடங்கள் ஓடின. நான் டிக்கோயாவில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து சேர்ந்தேன், குடியிருப்பது பொகவந்தலாவையில். அந்த பேண்ட் நடுநடுவே வாசிப்பதாகக் கேள்விப்படுவேன். பிறகு கொரோனா வந்தது. அதற்குப் பின்னால் பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை என்றிருந்த காலம் வந்தது. இனி அவர்கள் அவ்வளவுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் ஆண்கள் வார்டுக்கு ஒரு நோயாளியைக் கொண்டுவந்தார்கள். பாரிசவாதம். இடது பக்கம் விழுந்திருந்தது. வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. அறுபதைத் தாண்டியவர், ஆனால் முடி மட்டும் தோள்வரை நீளமாக நரைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் அப்படி முடி வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை. எங்கேயோ பார்த்த முகம் என்று மட்டும் தோன்றியது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, வலது கையில் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார். சும்மா தட்டவில்லை. நாலு தட்டுக்கு ஒரு தரம் கம்பியின் வேறோர் இடத்தில் அடித்தார். அந்த இடத்தில் ஓசை கனமாக வந்தது. மருந்துத் தட்டோடு போன எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தாளம் எனக்குத் தெரியும்.

"அண்ணே, பழைய பிள்ளைக்காம்பராவுல டிரம்ஸ் அடிச்சது நீங்களா?"

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மிஸ் எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"அட, ஆத்துக்கு அந்தப் பக்கமா! நம்ம பிள்ளையா நீங்க!" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மிஸ் இல்லை, பிள்ளை. "ஷோவுக்கெல்லாம் வந்திருக்கீங்களா பிள்ளை?"

"ஒருக்காகூட இல்லண்ணே. வீட்டுல விடல."

அவர் சிரித்தார். கோணிய வாயோடு சிரித்த சிரிப்பு. "அப்படின்னா நான் எந்திரிச்சே ஆகணும். நீங்க பாக்காம பேண்ட் முடியக்கூடாது."

எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்த மனிதர் அப்படிச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள முதலாளி முதல் நாள் அந்தத் தேக்கரண்டிச் சத்தத்தைப் பற்றி என்னிடம் முறையிட்டார். இரண்டு நாள் கழித்து, "இன்னிக்கு ஏன் அவர் அடிக்கவில்லை?" என்று சிங்களத்தில் அவரே கேட்டார். என்னோடு அதே வார்டில் வேலை செய்த, நான் தங்கை என்று கூப்பிடும் சிங்களத் தாதி ஒருத்தி, கினிகத்தேனைக்காரி, அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தலையை ஆட்டிக்கொண்டுதான் ஊசி போடுவாள்.

டொக்டர் அவரிடம் மறைக்காமல் சொன்னார். கால் வந்துவிடும், நடக்கலாம். இடது கை பழையபடி முழுமையாக வராது.

"முழுசா வேணாம் டொக்டர்" என்றார் அவர். "ஒரு கை நல்லாத்தானே இருக்கு."

தன் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்று டொக்டர் நினைத்திருப்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் ஒன்று சொன்னால் இவர் மூன்று தரம் செய்தார். வியர்த்து, மூச்சு வாங்கி, வலியில் கெட்ட வார்த்தை சொல்லி, என்னைப் பார்த்ததும் "மன்னிச்சுக்கங்க பிள்ளை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தொடங்குவார். வீட்டுக்குப் போகும் நாளில் ஊன்றுகோலைப் பிடித்தபடி தன் காலால் வாசல்வரை நடந்து போனார். நான் பணியில் பலரை அனுப்பியிருக்கிறேன். அன்று மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மாதங்கள் போயின. ஒருநாள் போன் வந்தது.

"பிள்ளை, வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் ஹட்டன்ல ஷோ. நம்ம பேண்டுக்கு நாப்பது வருஷம் ஆகுது. நீங்க வரணும்."

"யாருண்ணே டிரம்ஸ் அடிக்கிறது?"

"மகதான் அடிக்கிறா" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில், மீதியை நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அம்மாவையும் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், வேலையை விட்டு வருடக்கணக்காகிறது, இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

"எனக்கெதுக்குடி அந்தச் சத்தம்? காது போயிரும்."

"கோயிலுக்குப் போயிட்டு அப்படியே போயிட்டு வருவோம்மா."

கோயில் என்றதும் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டினாள். மேலே கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே சால்வை. கினிகத்தேனைத் தங்கை ஹட்டன் பஸ் நிலையத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பெண்களை. முன்வரிசைகளில் எங்கள் தோட்டத்துப் பெண்கள், என் வயதுக்காரிகள், என்னைவிட மூத்தவர்கள், பிள்ளைகளோடும் மருமகள்களோடும் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்துக் கறை போகாத விரல்களில் மருதாணி வைத்திருந்தார்கள். என்னைப் போலவே ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேட்டவர்கள்! ஒருத்தி என்னைப் பார்த்து, "நீயும் வந்துட்டியாடி?" என்றாள். அவ்வளவுதான், நாங்கள் இருவரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

பின்னால் நரைத்த தலை ஆண்கள் நின்றார்கள். துணிக்கடைக்காரரின் கடைப் பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து, முதலாளி மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். நாவலப்பிட்டியிலிருந்தும் கண்டியிலிருந்தும் ரயிலேறி வந்த சிங்கள இளைஞர்களும் இருந்தார்கள். போனில் இவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர்களாம்.

ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் கிழவர்கள், ஒருத்தி இளம்பெண். பாடகர் ஓய்வுபெற்ற ஃபிட்டர். மூக்குக்கண்ணாடியும் கையால் பின்னிய ஸ்வெட்டருமாக, பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். துணிக்கடைக்காரர் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு தன் கடைப் பிள்ளைகளைப் பார்த்து விரலை ஆட்டி அதட்டினார். டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த பெண் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், நெற்றியில் திருநீறு. இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டி நாலு எண்ணினாள்.

அந்த முதல் அடியை எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் என் காதில் இருந்தது தூரத்துச் சத்தம். ஆற்றில் நனைந்து, காற்றில் தேய்ந்து வந்த சத்தம். இது நெஞ்சுக் கூட்டுக்குள் நேராக வந்து அடித்தது. நாற்காலி அதிர்ந்தது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கினிகத்தேனைத் தங்கை "அம்மோ!" என்று வாயில் கை வைத்தாள். ஃபிட்டரின் தொண்டையிலிருந்து வந்தது ஃபிட்டரின் குரல் இல்லை. தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்கு மேலே நாற்பது வருடம் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. எந்தப் பாடசாலையிலும் அப்படி ஒரு குரலை வளர்க்க முடியாது என்று நினைத்தேன். உச்சத்துக்குப் போகும் இடங்களில் அது உடைந்தது. உடைந்த இடங்களை மண்டபம் எடுத்துப் பாடியது.

அம்மா சால்வையால் காதை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் கால் பெருவிரல் செருப்பை விட்டு வெளியே வந்து தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "குளிருதுடி" என்றாள்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அடுத்த பாட்டுக்கு மெட்டு மட்டுந்தான் நாங்க போட்டது. வார்த்தை நாங்க எழுதினதில்ல. விடியக்காலையில பேர் பதிய பெரட்டுக்குப் போற அம்மாமாருங்க, பனி கண்ண மறைக்குறப்போ சத்தம் போட்டுக்கிட்டே போவாங்க. அதை அப்படியே எடுத்துக்கிட்டோம். அவுங்ககிட்ட நாங்க கேக்கவும் இல்ல. இன்னிக்கு முன்னால உக்காந்திருக்காங்க. கும்பிடுறேன்."

கைகூப்பினார். பிறகு பாடினார்:

"பனியே வழி விடு,
நாங்க மலைக்குப் போறோம்..."

தேயிலை நட்ட சரிவைத்தான் நாங்கள் மலை என்போம். அது வேலைக்குப் போகிறவர்களின் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் கிட்டார் இடிபோல் எழுந்தது.

அம்மா காதிலிருந்து சால்வையை எடுத்தாள். "இது நாங்க சொன்னதுடி" என்றாள். பக்கத்திலிருந்தவளைத் தொட்டு, "இது நாங்க சொன்னது" என்றாள். அந்தப் பெண்ணும் "ஆமாக்கா, நாங்கதான்" என்றாள். வரிசை முழுக்க அந்தப் பேச்சு பரவியது. மேடையில் இருந்தவர்கள் பாட, கீழே இருந்தவர்கள், உழைத்துக் கூன் விழுந்தவர்கள், தங்கள் சொந்தச் சொல்லைத் திரும்பப் பாடினார்கள்.

"அக்கா, பனின்னா மீதும தானே?" என்று சிங்களச் சொல்லைப் போட்டு என் காதில் கத்தினாள் கினிகத்தேனைத் தங்கை. ஆமாம் என்றேன். அவளும் சேர்ந்துகொண்டாள். பின்னாலிருந்த சிங்கள இளைஞர்களுக்கு ஏற்கெனவே வரி தெரிந்திருந்தது. 'வழி' என்பதை 'வலி' என்று உச்சரித்தார்கள், அதனால் என்ன? 'நாங்க மலைக்குப் போறோம்' என்று எங்கள் லயத்துத் தமிழில், ஒரு மண்டபம் நிறைந்த குரல், தோட்டத்து வாய், பஜார் முஸ்லிம் வாய், சிங்கள வாய் என்று மூன்று விதமான வாயிலிருந்து. விடுதி அறையில் சிரித்த அந்தப் பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ! அவர்களையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைத்திருக்கலாம் என்றிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவர் வந்தார். ஊன்றுகோல் இல்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். மண்டபம் எழுந்து நின்றது. மகள் இடத்தை விட்டு எழுந்து, தகப்பன் உட்கார்ந்ததும் இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இடது கையை அவர் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வலது கையில் ஒரு குச்சி. அதைத் தூக்கி எண்ண ஆரம்பித்தபோது, குச்சி கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது.

மகள் குனியப் போனாள். அவர் திரும்பிப் பார்க்காமலேயே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மெதுவாகச் சரிந்து, தன் கையாலேயே எடுத்தார். நிமிர்ந்தார். அந்த நேரத்தில் நான் ரசிகை இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறார், விழுந்தால் எவ்வளவு நேரத்தில் மேடைக்கு ஏறலாம் என்று கணக்குப் போடும் தாதி. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அவர் வாசித்தது லொறிப் பாட்டு. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. கொழுந்து ஏற்றிய லொறி ஏற்றத்தில் முதல் கியரில் முனகி ஏறுவதுபோல் தொடங்கும், பிறகு வளைவு வளைவாக வேகம் எடுக்கும். அவர் ஓட்டிய லொறியிலிருந்தே பிறந்த பாட்டு. வலது காலால் பெரிய டிரம்மை மிதித்தார். வலது கையால் மற்றதை அடித்தார். இரண்டு கை அடிக்க வேண்டிய இடத்தில் ஓர் அடி இல்லாமல் இருந்தது. அந்த வெற்றிடத்தை பேஸ் கிட்டார் கண்டுகொண்டது. துணிக்கடைக்காரர் அவரையே பார்த்தபடி, ஒவ்வொரு விடுபட்ட அடியிலும் தன் தடித்த தந்தியைத் தட்டினார். அப்படி அவர்கள் ஏறினார்கள், வளைவு வளைவாக. கடைசி இறக்கத்தில் மண்டபம் கைதட்டித் தாளம் போட்டது. அந்தத் தாளத்தை அவர் கை முந்திக்கொண்டு போனது.

நான் அழவில்லை. உரக்கக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கினிகத்தேனைத் தங்கை பிறகு சொன்னாள், "அக்கா, நீங்க 'எங்க வார்டு, எங்க வார்டு'ன்னுதான் கத்தினீங்க" என்று.

அம்மா எழுந்து நின்றிருந்தாள். "ரெண்டு கைக்காரனுக்கு எதுலடி கொறஞ்சான் இவன்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவதுபோல் கேட்டாள்.

பிறகு நாங்கள் மேடைக்குப் பின்னால் போனோம். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. நான் பழக்கத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாகத்தான் ஓடியது.

"பாத்துட்டீங்களா பிள்ளை?"

"பாத்துட்டேண்ணே."

"குச்சி விழுந்ததையும் பாத்தீங்களா?"

"எடுத்ததையும் பாத்தேன்."

அவர் சிரித்தார். வாய் இப்போது நேராகிவிட்டிருந்தது. மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். குச்சி பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. "நல்லா ஒழைச்ச கை" என்றாள் அம்மா. அவளிடமிருந்து நான் அப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை. அந்தப் பெண் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறியபோது இன்னும் வெளிச்சம் மீதி இருந்தது. பள்ளத்தாக்கில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண், தீபாவளிச் சேலையைப் பார்த்துவிட்டு விசாரித்தாள்.

"எங்கம்மா போயிட்டு வர்றீங்க, கல்யாண வீடா?"

"இல்ல."

"அப்ப கோயில் கச்சேரியா?"

அம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கச்சேரி இல்ல. ராக்கு" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அம்மா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். டிக்கோயா தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். நோர்வூட் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.